திண்ணைத் தூணுக்கு எந்தப் பூச்சு?

கீழ்பென்னாத்தூர் மாதிரி ஊர்களிலே திண்ணைத் தூணும் வாசற்கதவும் சித்திரை வெயிலையும் ஐப்பசி மழையையும் தாங்கியாகணும். மரத்தின் ரேகை மறையாமல் காப்பாற்ற எதைப் பூசலாம்?

அரக்கு பாலிஷ் வீட்டுக்குள் இருக்கும் அலமாரிக்குத்தான் அழகு. சாரல் பட்டால் வெளுத்துவிடும். சாதாரண வார்னிஷ் வெயிலில் வெடிக்கும்; வெடிப்பு வழியே தண்ணீர் புகும். வார்னிஷ்தான் வேண்டுமென்றால், வெளிப்புற உபயோகத்துக்கு என்று டப்பாவில் போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

லின்சீட் ஆயில் என்கிற ஆளிவிதை எண்ணெய் மரத்துக்குள் ஊறுவதால் உரிந்து வராது. ஆனால் வருஷா வருஷம் பூசணும்.

முதலில் தூணில் நாலு சொட்டுத் தண்ணீர் தெளியுங்கள். முத்து முத்தாக நின்றால் பழைய பூச்சே போதும். மரம் உறிஞ்சிக்கொண்டால் பூசும் நேரம் வந்தாச்சு! மாசி, பங்குனியில், மரம் நன்றாகக் காய்ந்திருக்கும்போது, உப்புத்தாளால் தேய்த்துத் தூசி துடைத்து, வெயில் ஏறுமுன் மெல்லியதாகப் பூசுங்கள். தண்ணீர் அதிகம் குடிப்பது தூணின் அடிப்பாகம்தான். அங்கே ஒரு பூச்சு கூடுதலாக இருக்கட்டும்.

ஒரு முக்கிய எச்சரிக்கை: எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீங்க. காயும்போது தானே சூடேறித் தீப்பிடிக்கலாம். வெளியே, குழந்தைகள் கைபடாத இடத்தில், தனித்தனியாக விரித்துக் காயப்போடுங்கள்.