மாதிரிப் போர்க்கப்பலும் போர் விமானமும்: நம் கடைகளுக்கு இதில் என்ன வேலை?

"பிளாஸ்டிக் ஒட்டும் சிமெண்ட் இருக்கிறதா? ஃபெவிகால் வேண்டாம்" என்று கேட்டு வருபவரை, மேற்கொண்டு விசாரிக்காமல் "இல்லை" என்று அனுப்பிவிடுவது நம்மில் பலருக்கு வழக்கம். அவர் உடைந்த வாளியை ஒட்ட வந்தவர் அல்லர். போர்க்கப்பல், போர் விமானம் போன்றவற்றை உண்மையான உருவத்திலிருந்து கணக்காகச் சிறிதாக்கி, துண்டு துண்டாக வரும் பாகங்களை ஒட்டி, பெயிண்ட் அடித்து, கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கும் பொழுதுபோக்கில் ஈடுபட்டவர். ஸ்கேல் மாடல் என்று இதற்குப் பெயர். ஃபேன்சி ஸ்டோர், ஸ்டேஷனரி, ஹார்டுவேர், பெயிண்ட் கடை வைத்திருக்கும் நம் உறுப்பினர்கள் இதைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

காரணம் சொல்கிறோம். புதுச்சேரி யூனியனில் பல பொருள்களுக்கு விற்பனை வரி குறைவு என்பதற்காகவே நாகப்பட்டினம், திருவாரூர் பக்கத்திலிருந்து ஒரு காலத்தில் காரைக்காலுக்கு ஆள் வந்தார்கள். 2017 ஜூலை 1 முதல் ஜி.எஸ்.டி. வந்த பிறகு அந்தக் கவர்ச்சி போய்விட்டது. இங்கும் அங்கும் ஒரே வரி. இனி வெளியூர்க்காரர் நம் ஊருக்கு வர வேண்டுமானால், அவர் ஊரில் கிடைக்காத பொருள் நம் கடையில் இருக்க வேண்டும்; அல்லது அந்தப் பொருளைத் தெரிந்து பேசக்கூடிய ஆளாவது கடையில் இருக்க வேண்டும்.

அளவுக் கணக்கு

பெட்டியின் மேல் 1:72 என்று அச்சிட்டிருந்தால், உண்மை விமானத்தின் 72 அங்குலம் மாதிரியில் 1 அங்குலம் என்று பொருள். தஞ்சாவூர் விமானப்படைத் தளத்தில் 2020 ஜனவரி 20 அன்று சுகோய்-30 எம்.கே.ஐ. விமானங்களைக் கொண்ட 222-வது ஸ்குவாட்ரன் தொடங்கப்பட்டது. அந்த விமானத்தின் நீளம் ஏறத்தாழ 21.9 மீட்டர், இறக்கை அகலம் 14.7 மீட்டர். 1:72 அளவில் செய்தால் நீளம் 30 சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதல், அகலம் 20 சென்டிமீட்டர். பள்ளிப் பிள்ளையின் ஸ்கேல் நீளத்துக்கு ஒரு சுகோய் வந்துவிடுகிறது.

கப்பலுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. 2022 செப்டம்பரில் கடற்படையில் சேர்ந்த புதிய விக்ராந்த் 262 மீட்டர் நீளம். அதை 1:72-ல் செய்தால் மூன்றரை மீட்டர் ஆகிவிடும். கூடத்தில் வேறெதற்கும் இடம் இருக்காது. அதனால் கப்பல்களுக்கு 1:350, 1:700 என்ற அளவுகளே பெரும்பாலும் வழக்கில் உள்ளன. 1:350-ல் விக்ராந்த் 75 சென்டிமீட்டர், 1:700-ல் 37 சென்டிமீட்டர். வாங்குபவர் முதலில் கேட்பது விலையை அல்ல, இந்த எண்ணைத்தான். ஒருவர் 1:72-ல் சேர்க்கத் தொடங்கிவிட்டால் 1:48 விமானத்தை இலவசமாகக் கொடுத்தால்கூடத் தயங்குவார். பக்கத்தில் பக்கத்தில் வைக்கும்போது ஒன்றுக்கொன்று பொருந்தாது என்பது அவர் கவலை.

இதை வளர்த்தவர்கள் வியாபாரிகளே

இந்தத் தொழிலின் வரலாறு நம் போன்றவர்களுக்குச் சுவையானது. பிரிட்டனில் ஏர்ஃபிக்ஸ் என்ற பிளாஸ்டிக் கம்பெனி சீப்பும் பொம்மையும் செய்துகொண்டிருந்தது. 1950-களின் தொடக்கத்தில் உல்வொர்த் கடைத்தொடரின் கொள்முதல் அதிகாரி ஒருவர், "கோல்டன் ஹிண்ட் என்ற பழைய பாய்மரக் கப்பலைச் சிறிதாகச் செய்து கொடுங்கள், ஆனால் விலை 2 ஷில்லிங்குக்கு மேல் போகக்கூடாது" என்றார். அட்டைப்பெட்டியில் போட்டால் அந்த விலை கட்டாது. எனவே பாகங்களைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, செய்முறையைப் பையின் மேல்தாளிலேயே அச்சடித்து விட்டார்கள். சரக்கு பறந்தது. ஏர்ஃபிக்ஸ் விமானங்களும் போர்க்கப்பல்களும் பின்னாளில் உலகமெங்கும் போனதற்கு அந்தப் பைதான் அஸ்திவாரம். யோசனை வந்தது தொழிற்சாலையிலிருந்து அல்ல, கடையிலிருந்து.

ஜப்பானில் ஷிசுவோகா நகரத்துக் கதை இன்னும் நெருக்கமானது. இன்று உலகப் புகழ் பெற்ற தமியா கம்பெனி 1946-ல் மர அறுவை ஆலையாகத் தொடங்கியது. மரத்தில் கப்பல், விமான மாதிரிகள் செய்து விற்றுவந்தவர்கள், 1960-ல் யமாட்டோ போர்க்கப்பலைப் பிளாஸ்டிக்கில் கொண்டுவந்தார்கள். அதே நேரத்தில் போட்டிக் கம்பெனி ஒன்றும் அதே கப்பலை 350 யென்னுக்கு விற்றது. தமியாவும் அந்த விலைக்கே இறங்கியதில் அடக்கம்கூடத் தேறவில்லை. பின்னர் வந்த மோட்டாரில் ஓடும் பாந்தர் டாங்கிதான் அவர்களைத் தூக்கிவிட்டது. விலைப்போட்டியில் கையைச் சுட்டுக்கொண்டது காரைக்கால் கடைத்தெருவில் மட்டும் நடப்பதல்ல என்பதற்காகச் சொன்னோம்.

அதே ஊர்க் கம்பெனிகள் 1971-ல் வேறு வழியைக் கண்டன. தமியா, ஹசேகாவா, ஆவோஷிமா, ஃபுஜிமி என்ற நான்கும் தங்கள் சங்கத்தின் மூலம் கூடிப் பேசி, ஜப்பானியப் போர்க்கப்பல்களைத் தங்களுக்குள் பங்கு பிரித்துக்கொண்டன. எல்லாம் 1:700 அளவு. ஒருவர் செய்யும் கப்பலை மற்றவர் தொடுவதில்லை. நீர்மட்டத்துக்கு மேலே உள்ள பாகத்தை மட்டும் செய்ததால் வாட்டர்லைன் வரிசை என்று பெயர் வந்தது. வாங்குபவருக்கு முழுக் கடற்படையும் ஒரே அளவில் கிடைத்தது. ஃபுஜிமி 1992-ல் விலகிக்கொண்டது, மற்றவை தொடர்ந்தன. சங்கம் என்றால் சந்தா வசூலிக்க மட்டும்தான் என்று நினைப்பவர்கள் கவனிக்கலாம்.

பெட்டியில் முதலைப் போடாதீர்கள்

ஆர்வத்தில் பத்துப் பதினைந்து பெட்டிகளை வாங்கி அடுக்க வேண்டாம் என்பது எங்கள் கருத்து. வெளிநாட்டிலிருந்து வரும் மாதிரிகள் சுங்கப் பட்டியலில் பொம்மைகளோடு ஒரே தலைப்பில் வருகின்றன. அந்தத் தலைப்புக்கு அடிப்படைச் சுங்கவரி 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60 சதவீதமானது. 2023-ல் 70 ஆனது. 100 ரூபாய் சரக்கு துறைமுகத்தைத் தாண்டும்போதே 170 ரூபாய். மற்ற வரி, சரக்குக் கூலி அதற்கு மேல். அப்படி வந்த பெட்டி நம் அலமாரியில் ஓராண்டு உட்கார்ந்தால் அது முடங்கிய முதல்தான். வாடிக்கையாளரிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு, கேட்ட பெட்டியை மட்டும் சென்னையிலிருந்தோ மும்பையிலிருந்தோ வரவழைத்துக் கொடுப்பதே போதும்.

இன்னொரு சங்கதியும் உண்டு. 14 வயதுக்கு உட்பட்டோர் விளையாடும் பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். மாதிரிப் பெட்டிகள் பலவற்றில் 14 வயதுக்கு மேல் என்று அச்சிட்டிருக்கும். அதை நம்பி மட்டும் விற்காமல், முத்திரை இல்லாத சரக்குக்கு மொத்த வியாபாரியிடம் எழுத்து மூலமான விளக்கம் வாங்கி பில்லோடு வைத்துக்கொள்ளுங்கள். பொம்மை அலமாரியில் அதைக் கலக்காதீர்கள்.

நமக்கு ஓட்டம் தரக்கூடியது ஒட்டும் சாமான்களும் பூச்சுச் சாமான்களும். ஒரு பெட்டி ஒரு முறை வாங்குவது. அதை முடிக்கும் வரை மாதாமாதம் வேண்டியவை இவை. பெரும்பாலானவை ஏற்கெனவே நம் கடைகளில் இருக்கின்றன. எதற்கு எது என்று சொல்லத் தெரியாததுதான் குறை.

பெட்டியில் வரும் பாகங்கள் பாலிஸ்டைரின் என்ற பிளாஸ்டிக். ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசை மரத்துக்குள் ஊறிப் பிடிக்கும்; இந்தப் பிளாஸ்டிக்கில் ஊறாது, காய்ந்ததும் தோலாக உரிந்து வரும். மாடல் சிமெண்ட் என்பது பசையே அல்ல, ஒரு கரைப்பான். இரண்டு பக்கத்தையும் இளக்கி ஒன்றோடொன்று கலக்கவைத்து ஆவியாகிவிடும். வெல்டிங் மாதிரி. ஃபெவிக்விக் வகை உடனடிப் பசை பிடிக்கும், ஆனால் அதன் ஆவி கண்ணாடிபோன்ற பாகத்தின் மேல் வெள்ளையாகப் படிந்துவிடும். விமானியின் கூண்டை ஒட்ட அதைக் கொடுத்தால் வாடிக்கையாளர் சண்டைக்கு வருவார். அந்த ஒரு இடத்துக்கு மட்டும், காய்ந்தால் தெளிவாகிவிடும் வெள்ளைப் பசைதான் சரி. முதலில் வேண்டாம் என்று சொன்னவரே பிறகு ஃபெவிகால் கேட்டு வருவது இதனால்தான்.

உடனடிப் பசை காற்றின் ஈரத்தால் இறுகுவது. நம் கடலோரக் காற்றில் திறந்த புட்டி சீக்கிரம் கல்லாகும். சிறிய டியூபாகவே வாங்கி வையுங்கள். பெயிண்டிலும் ஈரம் வேலையைக் காட்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் லாக்கர் பெயிண்டைத் தெளித்தால், தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, அதில் ஈரம் படிந்து வெளுத்துப்போகும். கார் பெயிண்டர்களுக்கு இது பழகிய தொல்லை. மழை நாளில் மெதுவாக உலரும் தின்னரையோ, தூரிகையால் பூசும் அக்ரிலிக்கையோ எடுத்துக் கொடுப்பவரே விவரமான கடைக்காரர். இவற்றோடு 400 முதல் 1000 வரையான வாட்டர் பேப்பர், பட்டி, கட்டர் பிளேடு, இடுக்கி, நுண்தூரிகை ஆகியவை இருந்தால் சரக்கு முழுமை. உப்புக்காற்றில் பிளேடு துருப்பிடிக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

கரைப்பான் விஷயத்தில் ஒரு கண்டிப்பு வேண்டும். சிமெண்ட், தின்னர் ஆவியை மோந்து போதை தேடும் பழக்கம் சிறுவர்களிடம் உண்டு. பெரியவர் துணையின்றி வரும் சிறுவருக்கு இவற்றை விற்கக்கூடாது. பத்து ரூபாய் வியாபாரம் போனால் போகட்டும்.

என்.சி.சி. மாணவர்கள்

நிச்சயமான தேவை ஒன்று இருக்கிறது. தேசிய மாணவர் படையின் கடற்படைப் பிரிவு மாணவர்களுக்கு அகில இந்திய நவ் சைனிக் முகாம் நடக்கிறது. படகு வலித்தல், கொடிச் சைகை, துப்பாக்கி சுடுதல் ஆகியவற்றோடு கப்பல் மாதிரி செய்தலும் அதில் ஒரு போட்டி. அசையாமல் வைக்கும் மாதிரி மட்டுமல்ல, நீரில் ஓடும் மாதிரியும் உண்டு. விமானப்படைப் பிரிவு மாணவர்கள் பால்சா மரத்தில் விமான மாதிரி செய்கிறார்கள். இவர்கள் பெட்டி வாங்கி ஒட்டுபவர்கள் அல்லர். வரைபடத்தைப் பார்த்துத் தாங்களே வெட்டிச் செய்பவர்கள். பால்சா, மெல்லிய பிளைவுட், பிளாஸ்டிக் ஷீட், பித்தளைக் கம்பி, சிறு மோட்டார் என்று பட்டியல் நீளும்.

கப்பல் உடலுக்கு நம் ஊரில் ஒரு வசதி. மீன்பிடிப் படகுகள் ஃபைபரில் வந்த பிறகு, அந்தப் படகுகளைப் பழுது பார்க்க ரெசின், கண்ணாடி இழைப் பாய், ஹார்டனர் எல்லாம் கடலோர ஊர்களில் தாராளமாகப் புழங்குகின்றன. மரத்தில் அச்சுக்கட்டை செய்து, மெழுகு தடவி, அதன்மேல் இந்தப் பாயை ரெசினில் தோய்த்துப் போர்த்தினால் மாதிரிக் கப்பலின் உடல் தயார். பெரிய படகுக்குச் செய்யும் அதே வேலைதான். மெல்லிய பாயைக் கால் கிலோ, அரைக் கிலோவாக வெட்டிக் கொடுக்க நாம் மனம் வைக்க வேண்டும்.

எதைச் செய்வார்கள்?

இந்திய விமானங்களுக்குப் பெட்டி கிடைப்பது கடினம். உருக்கு அச்சு செய்ய ஆகும் செலவுக்கு உலகமெங்கும் விற்றாக வேண்டும். நம் நாட்டிலேயே வடிவமைத்து 1961-ல் முதலில் பறந்த மாருத் விமானம் மொத்தமே 150-க்குள்தான் கட்டப்பட்டது. அதற்குப் பெரிய கம்பெனி எதுவும் எளிதில் அச்சு போடாது. எனவே ரஷ்யாவின் ஸ்வெஸ்தா கம்பெனி தரும் சுகோய்-30 எஸ்.எம். பெட்டியை வாங்கி, நம் விமானப்படையின் காவி, வெள்ளை, பச்சை வட்டத்தைத் தனியே வாங்கித் தண்ணீரில் ஊறவைத்து ஒட்டிக்கொள்கிறார்கள். இங்கேதான் கூட்டு தேவைப்படுகிறது. ஒட்டுப்படத் தாள் ஒன்றில் பல விமானங்களுக்கான அடையாளம் இருக்கும். நான்கு பேர் பங்கு போட்டுக்கொள்வார்கள். காம்ப்ரசரும் ஏர் பிரஷ்ஷும் ஒருவர் வாங்கினால் ஐந்து பேருக்கு உதவும். ஞாயிற்றுக்கிழமை மாலை கடையின் பின்கட்டில் ஒரு மேசையும் நல்ல வெளிச்சமும் கொடுத்தால், இந்த ஐந்து பேரும் வேறு கடைக்குப் போகமாட்டார்கள். அலைபேசியில் ஆர்டர் போட்டால் பெட்டி வீட்டுக்கே வந்துவிடும் காலத்தில், மேசையும் பேச்சுத்துணையும் மட்டும் பார்சலில் வராது.

நம் கடலுக்கே உரிய கப்பலும் உண்டு. 1782 ஜூலை 6 அன்று நாகப்பட்டினத்துக்கு அப்பால் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரெனும் ஆங்கிலத் தளபதி ஹியூஸும் மோதினார்கள். சண்டை முடிந்ததும் பிரெஞ்சுக் கப்பல்கள் நங்கூரமிட்டது காரைக்கால் கரையோரத்தில். சுஃப்ரெனின் தலைமைக் கப்பல் ஏரோ, 74 பீரங்கிகள் கொண்டது. 1957-ல் தொடங்கிய பிரெஞ்சுக் கம்பெனி ஹெல்லர், 74 பீரங்கி வகைப் பாய்மரப் போர்க்கப்பல்களை 1:150 அளவில் வெளியிட்டிருக்கிறது. பிரான்சில் உறவினர் உள்ள குடும்பங்கள் நம் ஊரில் எத்தனையோ. விடுமுறைக்கு வருபவரிடம் சொல்லிவிட்டால் பெட்டி வந்து சேரும். அதன் பாய்மரக் கயிறுகளுக்கு வேண்டிய பருத்தி நூலும் மெல்லிய நைலான் இழையும் நம் தையல் சாமான் கடையிலும் வலைக்கடையிலும் இப்போதே இருக்கின்றன. கேட்டு வந்தால், தடிமன் பார்த்து எடுத்துக் கொடுங்கள்.