அம்மாவோடு பத்துமலைக்குப் போகிறீர்களா?

உங்களுக்குக் கோலாலம்பூரில் வேலை. இந்த லீவுக்கு அம்மா, அப்பாவை வரவழைத்து ஊரைச் சுற்றிக் காட்டப் போகிறீர்கள். இரட்டைக் கோபுரம், கடைவீதி, அப்புறம் பத்துமலை முருகன். ரொம்ப நல்ல விஷயம். பெற்றவர்களை விமானம் ஏற்றி அழைத்துப் போகும் பாக்கியம் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. ஆனால் எந்த நாள் எங்கே என்று பட்டியல் போடுமுன் ஐந்து நிமிஷம் ஒதுக்கி இதைப் படித்துவிடுங்கள்.

நான் வைத்தியம் பார்ப்பது திருத்தணியில். வெயிலுக்குப் பெயர் போன ஊர். மே மாதம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது இங்கே சகஜம். அதனால் மலேசியா கிளம்பும் பெரியவர்கள் என்னிடம் தைரியமாகச் சொல்வார்கள்: "நம்ம ஊர் வெயிலையே பாத்தாச்சு டாக்டர். அங்க 33 டிகிரிதானாமே! இங்க 365 படி ஏறினவளுக்கு அங்க 272 படி எம்மாத்திரம்?"

கணக்கு என்னவோ சரிதான். ஆனால் உடம்பு போடும் கணக்கு வேறு.

33 டிகிரி என்ன செய்யும்?

நம் உடம்பு சூட்டைத் தணித்துக்கொள்வது வியர்வையால். வியர்த்தால் மட்டும் போதாது. அந்த வியர்வை காய வேண்டும். காயும்போதுதான் சூடு வெளியேறுகிறது. திருத்தணியின் வறண்ட கோடைக் காற்றில் வியர்வை சீக்கிரம் காய்ந்துவிடும். கோலாலம்பூரில் வருஷம் முழுக்கக் காற்றில் ஈரம் அதிகம். மழைக்காலத்தில் கொடியில் போட்ட துணி காயாமல் கிடக்குமே, அதுபோல வியர்வை உடம்பிலேயே வழிந்துகொண்டிருக்கும். தண்ணீரும் உப்பும் போகும், சூடு மட்டும் போகாது.

இன்னொன்று. ஊரில் அம்மா பத்து மணிக்குள் வெளிவேலையை முடித்துவிடுவார். உச்சி வெயிலில் ஃபேனுக்கு அடியில் கொஞ்சம் கண்ணயர்வார். வெயிலைத் தாங்கும் சக்தியில் பாதி அந்தப் பழக்கம் தந்தது. வெளிநாட்டில் அதைப் பறித்துவிட்டு, "டிக்கெட் போட்டாச்சு, வாங்கம்மா" என்று நட்ட நடு வெயிலில் நடக்க வைக்கிறோம்.

2024 ஜூனில் ஹஜ் யாத்திரையின்போது மெக்காவில் வெப்பம் 50 டிகிரியைத் தாண்டியது. 1,301 பேர் இறந்ததாகச் சவூதி அரசு அறிவித்தது. நிழலோ ஓய்வோ இல்லாமல் வெயிலில் நெடுந்தூரம் நடந்தவர்கள் அவர்களில் மிகுதி. முதியவர்களும் நாள்பட்ட நோய் உள்ளவர்களும் இருந்தார்கள். கோலாலம்பூர் அந்த அளவுக்குச் சுடாது. ஆனால் நிழல், ஓய்வு, தண்ணீர் மூன்றும் எந்த ஊரிலும் வேண்டும்.

"எனக்கு ஒண்ணும் வேணாம்ப்பா"

வயதானால் தாக உணர்ச்சி மங்கிவிடும். உடம்பில் நீர் குறைந்திருந்தாலும் தாகம் எடுக்காது. ரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு நீரிழப்பு இன்னும் வேகமாக வரும்.

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. நம் அம்மாக்கள் அதை வாய் திறந்து சொல்ல மாட்டார்கள். மலேசியா போய் வந்த அறுபத்தெட்டு வயது அம்மா ஒருவரிடம், "ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிச்சீங்க?" என்று கேட்டேன். "தண்ணி குடிச்சா பாத்ரூம் போகணுமே டாக்டர். தெரியாத ஊர்ல அவன் எங்க போய்த் தேடுவான்? லீவு போட்டு, செலவு பண்ணிக் கூட்டிட்டுப் போயிருக்கான்" என்றார். நாள் முழுக்க இரண்டு டம்ளர்தானாம்! தலைசுற்றலையும் மகனிடம் சொல்லவில்லை.

ஆகவே எந்த இடத்துக்குப் போனாலும் முதலில் கழிவறை எங்கே என்று பார்த்து அம்மாவுக்குக் காட்டிவிடுங்கள். கோபுரத்தை அப்புறம் பார்க்கலாம். "தண்ணி வேணுமா?" என்று கேட்காதீர்கள். "வேணாம்" என்றுதான் பதில் வரும். மணிக்கு ஒரு டம்ளர் கையில் கொடுத்துவிடுங்கள். இதய நோய், சிறுநீரக நோய்க்காகத் தண்ணீர் அளவு குறைக்கப்பட்டவர்கள் மட்டும் தங்கள் டாக்டர் சொன்ன அளவில் நிற்க வேண்டும்.

எப்போது போவது?

சித்த மருத்துவம் பகலை மூன்றாகப் பிரிக்கிறது. முதல் 10 நாழிகை வாதம், நடுவில் 10 நாழிகை பித்தம், கடைசி 10 நாழிகை கபம். அதாவது காலை 10 முதல் 2 வரை பித்தம் ஓங்கும் நேரம். கோலாலம்பூரில் கடிகாரத்தைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. அங்கே மணி நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. விடிவதே 7 மணிக்கு மேல்தான். சூரியன் உச்சிக்கு வர ஒன்றே கால் மணி ஆகிவிடும். ஆகவே 11 முதல் 3:30 வரை வெளியே சுற்ற வேண்டாம். பத்துமலைக்கு விடிந்ததும் கிளம்புங்கள், மதியம் அறையில் ஓய்வு, சாயங்காலம் கடைவீதி.

மாத்திரை, இன்சுலின் நேரத்தை அந்த ஊர் மணிக்கு எப்படி மாற்றுவது என்று புறப்படும் முன்பே டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். விமானம் இறங்கிய அன்று ஊர் சுற்றவே வேண்டாம்.

கையில் என்ன இருக்கட்டும்?

* ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் சீரகம் போட்டுக் கொதிக்கவைத்து ஆற வைத்த தண்ணீர்.
* ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இரண்டு.
* குடை, பருத்திச் சேலை அல்லது வேட்டி. ஏ.சி. கட்டிடங்களுக்கு ஒரு மெல்லிய சால்வை.
* மருந்துச் சீட்டுடன் மாத்திரைகள். சூரணங்களைப் பெயர் ஒட்டாத பொட்டலமாகக் கொண்டுபோகாதீர்கள்.

இளநீர் நல்லது, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு வேண்டாம். அங்கே பிரபலமான தே தாரிக் டீயில் இனிப்பு தூக்கல். சர்க்கரை உள்ளவர்கள் ஜாக்கிரதை.

இது வந்தால் தாமதிக்காதீர்கள்

தலைவலி, குமட்டல், கால் பிடிப்பு வந்தால் உடனே நிழலில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுங்கள். பேச்சு குழறினால், சம்பந்தமில்லாமல் பேசினால், உடம்பு நெருப்பாகச் சுட்டால் அது வெப்ப வாதை. உடனே 999-க்குப் போன் செய்யுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். கழுத்து, அக்குளில் ஐஸ் வையுங்கள். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். சித்த வைத்தியனாகவே சொல்கிறேன்: இதற்குக் கஷாயம் தேடாதீர்கள். ஆஸ்பத்திரிதான்.

பத்துமலையில் 140 அடி முருகன் சிலை அடிவாரத்திலேயே நிற்கிறது. அங்கிருந்தே கும்பிடலாம். ஏற ஆசைப்பட்டால், இருபது படிக்கு ஒரு முறை நீங்களே "எனக்குக் கால் வலிக்குதும்மா" என்று சொல்லி நின்றுவிடுங்கள். அம்மாவும் நிற்பார். ஊர் திரும்பி அக்கம்பக்கத்தில் அந்தப் பயணக் கதையை அவர் ஆசை தீரச் சொல்ல வேண்டாமா?