வீட்டு சர்வரை வெளியிலிருந்து பார்க்கணுமா? நேரடியா திறந்து விடாதீங்க!

குடும்ப போட்டோக்களை வீட்டு நாஸ் பெட்டியில் வைத்துவிட்டு, ஆபீஸிலிருந்து பார்க்க ஆசையா? பலரும் உடனே ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் போட்டுவிடுவார்கள். அந்தக் கதவு உங்களுக்கு மட்டுமல்ல, இணையத்தைச் சலித்துத் தேடும் பாட்களுக்கும் திறந்தே கிடக்கும்.

2022 ஜனவரியில், இப்படி வெளியே தெரிந்த க்யூநாப் நாஸ்களில்தான் 'டெட்போல்ட்' ரான்சம்வேர் புகுந்தது. கோப்புகளைப் பூட்டிவிட்டு 0.03 பிட்காயின் கேட்டது.

அப்போ என்ன வழி? வயர்கார்டு விபிஎன். இதற்கும் ஒரு போர்ட் வேண்டும். ஆனால் சரியான சாவி உள்ள போனுக்கு மட்டுமே பதில் வரும், மற்றவர்களுக்கு மௌனம்தான். பொது ஐபி கிடைக்காத இணைப்பா? டெயில்ஸ்கேல் கைகொடுக்கும்.

எதைப் போட்டாலும் அப்டேட்டைத் தள்ளிப்போடாதீங்க. போட்டோக்களின் இன்னொரு பிரதி, நாஸோடு இணைக்காத ஹார்ட் டிஸ்க்கில் இருக்கட்டும்.