ஆபத்தான பொருள் ஏன் கைப்பையில்?

செக்-இன் கவுண்டரில் பெட்டியை எடைபோடும்போதே கேள்வி வந்துவிடும்: "உள்ளே பவர் பேங்க் ஏதாவது இருக்கா?" இருந்தால் அங்கேயே பெட்டியைத் திறந்து, துணிமணிகளைக் கலைத்து, அதைக் கைப்பைக்கு மாற்றியாக வேண்டும். தீப்பிடிக்கிற பொருள் என்றால், ஆள் இல்லாத சரக்கு அறைக்கு அனுப்புவதுதானே நியாயம்? விமானத் துறையின் கணக்கு இதற்கு நேர்மாறு.

பவர் பேங்குக்குள் இருக்கும் லித்தியம்-அயனி செல்லில் நேர்முனையையும் எதிர்முனையையும் பிரித்துவைப்பது, தலைமுடியைவிட மெல்லிய ஒரு பிளாஸ்டிக் படலம். சுற்றிலும் எளிதில் தீப்பற்றும் திரவம். செல் நசுங்கினாலோ, தயாரிப்பிலேயே கோளாறு இருந்தாலோ படலம் பழுதாகி, உள்ளுக்குள் ஷார்ட் சர்க்யூட் ஆகும். சூடு ஏற ஏற வேதிவினை வேகமெடுக்கும். வினை வேகமெடுக்க எடுக்க இன்னும் சூடேறும். நேர்முனைப் பொருள் சிதைந்து ஆக்ஸிஜனையும் வெளிவிடும். அடுத்த செல்லுக்கும் சூடு பரவும்.

சரக்கு அறையில் தீயை அடக்க ஹாலோன் வாயு உண்டு. அது சுடரை அணைக்கும். கொதிக்கிற செல்லைக் குளிரவைக்காது. இருந்தும், 2017 மார்ச்சில் வெடிகுண்டு அச்சத்தால் அமெரிக்கா ஓர் உத்தரவு போட்டது. மேற்கு ஆசியா, வட ஆப்பிரிக்காவின் 10 விமான நிலையங்களிலிருந்து நேராக வரும் விமானங்களில், செல்போனைவிடப் பெரிய கருவிகளைக் கேபினுக்குள் கொண்டுவரக் கூடாது. லேப்டாப்கள் மொத்தமாகச் சரக்கு அறைக்குப் போயின. ஜூலையில் தடை விலகியது. அதே ஆண்டு வெளியான அமெரிக்க அரசின் சோதனை முடிவு பலரை யோசிக்கவைத்தது. பெட்டிக்குள் லேப்டாப்போடு ஒரு ஷாம்பு ஸ்பிரே டப்பாவை வைத்து, பேட்டரியைச் சூடாக்கினார்கள். தீப்பிடித்து ஒரு நிமிடத்துக்குள் டப்பா வெடித்தது.

கேபினில் புகை வந்தால் யார் கண்ணிலாவது பட்டுவிடும். பணியாளர்கள் அணைப்பானால் சுடரை அடக்கிவிட்டு, செல் ஆறும்வரை தண்ணீரை ஊற்றுவார்கள். ஆனால் கேபினிலும் கண்ணுக்கு மறைவான இடம் உண்டு. 2025 ஜனவரி 28 அன்று தென் கொரியாவின் புசானில் புறப்படக் காத்திருந்த ஏர் புசான் விமானத்தில், இருக்கைக்கு மேலுள்ள லக்கேஜ் அறையில் தீப்பிடித்தது. 176 பேரும் தப்பினார்கள். விமானத்தின் கூரை எரிந்துபோனது. பவர் பேங்க் மீதே சந்தேகம் விழுந்தது. மார்ச் 1 முதல், மேலே பவர் பேங்க் வைக்கக் கூடாது என்றது தென் கொரியா. பறக்கும்போது அதைப் பயன்படுத்தவே கூடாது என்று சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் ஏப்ரலிலும் எமிரேட்ஸ் அக்டோபரிலும் தடை விதித்தன.

எவ்வளவு பெரியது கொண்டுபோகலாம்? 100 வாட்-ஹவர் வரை பொதுவாக அனுமதி உண்டு. 160 வரை என்றால் விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்க வேண்டும். அதைத் தாண்டினால் கிடையாது. பவர் பேங்கில் அச்சிட்டிருக்கும் எம்.ஏ.எச். எண்ணை 3.7-ஆல் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் விடை வந்துவிடும். 20,000 எம்.ஏ.எச். என்றால் 74 வாட்-ஹவர், தாராளமாகப் போகலாம். 30,000 என்றால் 111, கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். எண் அழிந்துபோனதைப் பாதுகாப்புச் சோதனையில் பிடுங்கிவைத்துவிடக்கூடும்.

இன்னொன்று. செல்போன் இருக்கை இடுக்கில் விழுந்துவிட்டால், தேடுவதற்காக இருக்கையைச் சாய்க்கவோ நிமிர்த்தவோ வேண்டாம். உள்ளிருக்கும் உலோகச் சட்டங்களுக்கு நடுவே போன் சிக்கினால் பேட்டரி நசுங்கிவிடும். பணியாளரைக் கூப்பிடுங்கள், அதை எடுத்துத் தர அவர்களுக்குத் தெரியும்.