காவல்நாயின் மூட்டுவாதமும் அதனைப் பராமரிக்கும் முறையும்

பயிர்ச்செய்கைக்கு நீரும் பசளையும் எவ்வளவு இன்றியமையாதனவோ, அவ்வளவு இன்றியமையாதது காவலாகும். வன்னியிலும் கிழக்கிலங்கையிலும் காட்டோரமாக வயல் செய்யும் கமக்காரர் இதனை நன்கு அறிவர். பெரும்போக நெல் முற்றிவரும் காலத்திற் காட்டுப்பன்றிக் கூட்டமொன்று ஓர் இரவு வயலினுட் புகுந்தால், பல மாத உழைப்பு விடிவதற்குள் உழக்கி நாசமாக்கப்பட்டுவிடும். மரவள்ளியை முள்ளம்பன்றியும், காய்கறிகளைக் குரங்கும் விட்டுவைப்பதில்லை. இவற்றின் வரவை முதலில் உணர்ந்து குரல் கொடுப்பது காவற் கொட்டிலின் கீழே படுத்திருக்கும் நாயேயாகும்.

அத்தகைய நாய் எட்டு, ஒன்பது வயதை அடைந்ததும் முன்போல் எழுந்து ஓடுவதில்லை. "கிழடு தட்டிவிட்டது" என்றும், "சோம்பல் பிடித்துவிட்டது" என்றும் சொல்லி வீட்டார் அதனைப் பொருட்படுத்தாது விடுகின்றனர். சிலர் சந்தையடியிலோ காட்டுப் பாதையிலோ கொண்டுபோய் விட்டுவிடுவதும் உண்டு. ஆனால் மூப்பு என்பது ஒரு நோயன்று. எழும்ப மறுக்கும் நாய் பெரும்பாலும் சோம்பலினால் மறுப்பதில்லை, நோவினாலேயே மறுக்கின்றது. அந்த நோவுக்குப் பொதுவான காரணம் மூட்டுவாதமாகும். இதனை முற்றாக மாற்ற இயலாது. ஆயினும் தக்க பராமரிப்பினால் நோவைப் பெரிதும் தணித்து, நாய் மேலும் சில ஆண்டுகள் பயனுடன் வாழச் செய்யலாம்.

காட்டோரத்தில் இரண்டு ஏக்கர் வயலும் சிறு மிளகாய்த் தோட்டமும் உடைய கமக்காரர் ஒருவரை உதாரணமாகக் கொள்ளலாம். அவருடைய நாய்க்கு வயது ஒன்பது. மார்கழி மாத வாடைக் குளிரில் அது காலையில் எழும்பப் பெரிதும் வருந்துகின்றது. நாலு அடி நடந்தபின் சற்றே இலகுவாகின்றது. வரம்பைத் தாண்டிப் பாய்ந்த நாய் இப்பொழுது வரம்பைச் சுற்றிச் செல்கின்றது. ஒருநாள் வீட்டுக் குழந்தை அதன் இடுப்பைத் தடவியபோது, ஒருபோதும் சீறாத அந்த நாய் பல்லைக் காட்டிச் சீறுகின்றது. நாய்க்குக் குணம் கெட்டுவிட்டதென்று வீட்டார் எண்ணுகின்றனர். உண்மையிற் கெட்டது குணமன்று, இடுப்பு மூட்டேயாகும்.

நோய் உண்டாகும் விதம்

மூட்டிற் சந்திக்கும் இரு எலும்புகளின் நுனிகளையும் வழுவழுப்பான கசியிழையம் மூடியிருக்கின்றது. மூட்டினுள் இருக்கும் பிசுபிசுப்பான நீர், வண்டி அச்சுக்கு இட்ட எண்ணெயைப் போல, உராய்வைக் குறைக்கின்றது. கசியிழையம் நாளடைவில் தேய்ந்து சிதையும்போது மூட்டு அழற்சியடைகின்றது. ஓரங்களிற் புதிய எலும்பு முளைகள் தோன்றுகின்றன. மூட்டு விறைத்து நோவெடுக்கின்றது. நோவினால் நாய் அக்காலைப் பயன்படுத்தாது விட, தசை மெலிகின்றது. தசை மெலிய, மூட்டுக்கு இருந்த தாங்குதலும் குறைந்து நோவு மேலும் கூடுகின்றது.

வயது மட்டுமே இதற்குக் காரணமன்று. முன்னர் வாகனத்தில் அடிபட்ட கால், பன்றிக்கு வைத்த சுருக்குக் கம்பியில் அகப்பட்ட கால், முழங்கால் இணையம் அறுந்த கால் ஆகியவற்றிற் பின்னாளில் மூட்டுவாதம் வருவது வழக்கம். அல்சேஷன், லப்ரடோர் முதலிய பெரிய இன நாய்களிற் சிலவற்றுக்கு இடுப்பு மூட்டு சரிவரப் பொருந்தாது வளர்வதனால், இளவயதிலேயே இந்நோய் தோன்றலாம். எல்லா நாய்களிலும் நோயைக் கடுமையாக்குவது மிகை நிறையாகும்.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

1. படுத்து எழும்பும்போது விறைப்பும் நொண்டலும் காணப்பட்டு, சிறிது நடந்தபின் குறைதல்.
2. குளிர் இரவின் பின்னும், கடுமையாக ஓடிய நாளின் மறுநாளும் நொண்டல் கூடுதல்.
3. படி ஏறவும், வரம்பு தாண்டவும், உழவு இயந்திரப் பெட்டியில் ஏறவும் தயங்குதல்.
4. ஒரே மூட்டை இடைவிடாது நக்குதல்.
5. ஒரு தொடை மற்றத் தொடையிலும் மெலிந்திருத்தல்.
6. தொட்டால் உறுமுதல், விலகிப் படுத்தல், விளையாட்டில் நாட்டமின்மை.

நோவுள்ள நாய் ஊளையிடும் என்று காத்திருத்தல் தவறு. நீடித்த நோவை நாய் பெரும்பாலும் சத்தமின்றியே தாங்கிக்கொள்ளும்.

நொண்டும் நாய்கள் எல்லாவற்றுக்கும் மூட்டுவாதம் என்றும் கொள்ளலாகாது. முதலிற் பாதத்தை விரித்துப் பார்த்து, முள்ளோ உடைந்த நகமோ உண்டா என்று அறிதல் வேண்டும். காய்ச்சலும், வெளிறிய முரசும், உணவு மறுப்பும் சேர்ந்து காணப்படின் அது உண்ணிகளாற் பரவும் காய்ச்சலாக இருக்கலாம். திடீரெனக் கால் வீங்கினால் பாம்புக்கடியாக இருக்கலாம். குணம் திடீரென மாறி, வாய்நீர் வடிந்து, விழுங்க இயலாமலும் பின்கால்கள் வலுவிழந்தும் இருக்கும் நாய்க்கு விசர் நோய் உண்டென ஐயுறல் வேண்டும். அத்தகைய நாயைத் தொடலாகாது; உடனே மிருக வைத்தியருக்கோ பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கோ அறிவித்தல் வேண்டும். எந்த நாய் கடித்தாலும், காயத்தை ஓடும் நீரிற் சவர்க்காரமிட்டு 15 நிமிடம் கழுவியபின் வைத்தியசாலைக்குச் செல்வது கட்டாயமாகும். நோவினாற் சினக்கும் நாய்க்கு ஆண்டுதோறும் விசர்த் தடுப்பூசி இடுவதும் இதனாலேயே மிக அவசியமாகின்றது.

முதல் மருந்து நிறை குறைத்தலே

அமெரிக்காவில் 48 லப்ரடோர் நாய்களை இரண்டு பகுதியாகப் பிரித்து வாழ்நாள் முழுவதும் அவதானித்தனர். ஒரு பகுதிக்கு மற்றப் பகுதியிலும் 25 வீதம் குறைவாக உணவு கொடுக்கப்பட்டது. 2002ஆம் ஆண்டில் வெளியான முடிவுகளின்படி, குறைவாக உண்ட நாய்களின் இடைநிலை ஆயுள் 13 ஆண்டுகளாகவும், மற்றவற்றின் ஆயுள் 11.2 ஆண்டுகளாகவும் இருந்தன. மூட்டுவாதத்துக்குச் சிகிச்சை தேவைப்பட்ட வயதும் குறைவாக உண்டவற்றில் ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் பிந்தியது. பருமனான நாய்களில் நிகழ்ந்த மற்றோர் ஆய்வில், உடல் நிறை 6 வீதத்துக்குச் சற்று மேலாகக் குறைந்த அளவிலேயே நொண்டல் தணியத் தொடங்கிற்று. 20 கிலோகிராம் நிறையுள்ள நாய்க்கு இது ஏறத்தாழ ஒன்றேகாற் கிலோகிராம் மாத்திரமே.

நாயின் விலாவைக் கையாற் தடவினால் எலும்புகள் இலகுவில் தட்டுப்படுதல் வேண்டும். மேலிருந்து பார்க்கும்போது இடை ஒடுங்கியிருத்தல் வேண்டும். இவ்விரண்டும் இல்லையெனின் நாய் மிகைநிறை உடையது. நெல் நிறுக்கும் தராசில் நாயைத் தூக்கியபடி ஒருமுறையும், தனியே ஒருமுறையும் நின்று நிறுத்து, வித்தியாசத்தைக் குறித்து வைக்கலாம். கொடுக்கும் சோற்றிற் காற்பங்கைக் குறைத்து, இரண்டு வாரத்தின் பின் மீண்டும் நிறுத்தல் வேண்டும். வாரத்துக்கு 200 முதல் 400 கிராம் வரை குறைவது 20 கிலோகிராம் நாய்க்குப் போதுமானது.

சோற்றைக் குறைக்கும்போது மீனையும் முட்டையையும் குறைத்தலாகாது. தசையைக் காப்பன அவையே. உப்பிடாது அவித்த சாளை, நெத்தலி முதலியன நல்லன. அவற்றிலுள்ள மீன்கொழுப்பு மூட்டழற்சியைத் தணிக்கவும் ஓரளவு உதவும். கருவாடும், சமைத்த கோழி எலும்பும் கொடுக்கலாகாது. வெங்காயமும் உள்ளியும் நாயின் இரத்தக் கலங்களைச் சிதைப்பவை. ஆதலால் அவை சேர்ந்த கறி மிச்சத்தைச் சோற்றிற் கலந்து வைக்கும் வழக்கத்தை நிறுத்துதல் வேண்டும்.

படுக்கையும் நடையும்

சீமெந்துத் தரையும் ஈரமண்ணும் மூட்டுவாதமுள்ள நாய்க்கு ஆகா. நிலத்திலிருந்து அரையடி உயரத்திற் பலகை இட்டு, அதன்மேற் சணற்சாக்கினுள் உலர்ந்த வைக்கோலைத் தடிப்பாக நிரப்பி வைத்தால் நல்ல படுக்கையாகும். வைக்கோலை வாரம் ஒருமுறை மாற்றி, உண்ணி சேராது காத்தல் வேண்டும். பசளை இருந்த பையையோ, மருந்திட்ட விதைநெல் இருந்த சாக்கையோ இதற்குப் பயன்படுத்தலாகாது. வாடைக்காற்று அடிக்கும் பக்கத்தைக் கிடுகினால் மறைத்துவிடுவது நன்று. தண்ணீர்ப் பாத்திரத்தைப் படுக்கைக்கு அண்மையில் வைத்தல் வேண்டும்.

நாயை முற்றாகக் கட்டிவைப்பது நோயைக் கூட்டும். காலையிலும் மாலையிலும் பத்து முதல் பதினைந்து நிமிடம் வரை சமநிலத்தில் மெதுவாக நடத்துதல் வேண்டும். மறுநாள் நொண்டல் கூடினால் நேரத்தைக் குறைக்கலாம். கூடாவிடின் சிறிது சிறிதாக நீட்டலாம். துவிச்சக்கர வண்டியின் பின்னே ஓடவிடுதல், உழுத சேற்றில் இறக்குதல், பெட்டியிலிருந்து பாயவிடுதல் ஆகியவற்றைத் தவிர்த்தல் வேண்டும். நீரில் நடப்பது மூட்டுக்கு நன்மையெனினும், முதலை வாழும் குளங்களில் நாயை இறக்கலாகாது. நீண்ட நகங்கள் பாதத்தைக் கோணலாக ஊன்றச் செய்யுமாதலால் அவற்றை வெட்டிவிடுதல் வேண்டும்.

விறைத்த மூட்டுக்கு, இளஞ்சூடான நீரில் நனைத்துப் பிழிந்த துணியைப் பத்து நிமிடம் வைக்கலாம். சூடு தன் கைக்குத் தாங்கத்தக்கதா என்று முதலிற் சோதித்தல் வேண்டும்.

மனிதருடைய குளிசை நாய்க்கு நஞ்சாகலாம்

நொண்டும் நாய்க்கு இரக்கப்பட்டு, வீட்டிலுள்ள குளிசையில் ஒன்றைச் சோற்றில் மறைத்துக் கொடுப்பதே மிகப் பெரிய தவறாகும். இபுப்புரோபென், டைக்குளோபினாக் முதலியன நாயின் இரைப்பையிற் புண்ணையும் இரத்தப் பெருக்கையும் உண்டாக்கி, சிறுநீரகத்தையும் பழுதாக்கும். பரசிற்றமோல் அளவு மீறினால் ஈரலைக் கெடுக்கும். பூனைக்கு அது மிகச் சிறிய அளவிலேயே கொடிய நஞ்சாகும். மூட்டிற் பூசும் தைலத்தையும் மண்ணெண்ணெயையும் நாய் நக்கி உட்கொள்ளுமாதலால் அவையும் ஆகா.

நாய்க்கென அளவிடப்பட்ட காப்ரோபென், மெலொக்சிக்காம் முதலிய மருந்துகள் உள்ளன. அவற்றை மிருக வைத்தியர் நாயின் நிறை, வயது, ஈரல் மற்றும் சிறுநீரக நிலை ஆகியவற்றை ஆராய்ந்தே எழுதுவார். உணவுடன் கொடுத்து, குறித்த அளவை மீறாதிருத்தல் வேண்டும். வாந்தி, கரிய மலம், உணவு மறுப்பு ஆகியவற்றில் ஒன்று தோன்றினும் மருந்தை நிறுத்தி உடனே வைத்தியருக்கு அறிவித்தல் வேண்டும். நோவு குறைந்ததென்று நாயைப் பழையபடி ஓடவிடுவதும் தவறு. மருந்து நோவைத் தணிக்குமேயன்றித் தேய்ந்த கசியிழையத்தைப் புதுப்பிக்காது.

இவ்வாலோசனைகளை அண்மையிலுள்ள அரச கால்நடை வைத்திய அலுவலகத்திற் பெறலாம். மாட்டுக்கும் ஆட்டுக்கும் மாத்திரமே அங்கு செல்ல வேண்டும் என்ற எண்ணம் சரியன்று. நாயின் நடையில் ஏற்பட்ட மாற்றம் எப்பொழுது தொடங்கிற்று, எக்கால், எந்நேரம் கூடுகின்றது என்பவற்றைக் குறித்துச் சென்றால் வைத்தியருக்குப் பெரிதும் உதவியாகும்.

முதிய நாய்க்குத் தக்க வேலை

முன்னர்க் கூறிய கமக்காரரின் நாய், நிறை குறைந்து, உலர்ந்த படுக்கையும் வைத்தியர் கொடுத்த மருந்தும் பெற்றபின், மீண்டும் காலையில் வருத்தமின்றி எழும்பலாம். ஆயினும் பன்றியைத் துரத்தும் வேலை இனி அதற்குரியதன்று. அவ்வேலைக்கு இளைய நாயொன்றை, தடுப்பூசியும் கருத்தடையும் செய்வித்து, இப்பொழுதே வளர்த்துக்கொள்ளுதல் நன்று. ஓட இயலாத நாய்க்கும் காதும் மூக்கும் பெரும்பாலும் நெடுநாள் உதவும். அது கொட்டிலடியிற் படுத்தபடியே குரல் கொடுக்க, இளைய நாயும் காவற்காரரும் எழுந்து செல்லலாம். எந்தச் சத்தத்துக்குக் குரைக்க வேண்டும், எதற்குக் குரைக்க வேண்டியதில்லை என்பதை இளைய நாய் முதிய நாயைப் பார்த்தே விரைவிற் பழகிக்கொள்ளும்.

எல்லா முயற்சியும் செய்தபின்னரும் நாய் எழும்பவோ உண்ணவோ இயலாது, இரவும் பகலும் நோவில் வருந்துமாயின், அதனை நோவின்றி உறங்கச் செய்வது பற்றி மிருக வைத்தியரின் ஆலோசனையைக் கேட்கலாம். நஞ்சிடுவதும், தெருவிற் கொண்டுபோய் விடுவதும் அதற்கு மாற்றாகா. தெருவில் விடப்பட்ட நொண்டி நாய்க்கு இரை தேடவும் வாகனத்துக்கு விலகவும் முடியாது.

பத்துப் போகம் பயிரைக் காத்த உயிர் அது. காலையில் அது எழும்பும் விதத்தை ஒரு வாரம் கவனித்துப் பார்ப்பதற்குக் கமக்காரருக்குப் பணச் செலவு எதுவுமில்லை. பராமரிப்பு அங்கிருந்தே தொடங்குகின்றது.