காணாத துகளுக்குக் கனமான குவார்க் சாட்சி

ஜெனீவாவுக்கு அருகே, சுவிட்சர்லாந்து-பிரான்ஸ் எல்லையின் அடியில், 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள வளையச் சுரங்கத்தில் புரோட்டான்களை எதிரெதிராக ஓடவிட்டு மோதவைக்கிறது செர்ன் ஆய்வகம். பெரிய ஹாட்ரான் மோதுவி எனப்படும் அந்த இயந்திரத்தில் 2012இல் ஹிக்ஸ் துகள் அகப்பட்டது. அதன்பின் புதிய அடிப்படைத் துகள் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. இதை வைத்து, இயந்திரத்தின் வேலை முடிந்துவிட்டது, இனி அதற்குச் செலவிடுவது வீண் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அது அவசர முடிவு என்பது என் கருத்து. மோதுவியிலிருந்து அறிவு வர இரண்டு வழிகள் உண்டு. புதிய துகளை நேராக உண்டாக்கிப் பார்ப்பது ஒன்று. ஏற்கெனவே தெரிந்த கனமான குவார்க்குகள் எப்படிச் சிதைகின்றன என்று நுட்பமாக அளந்து, கணக்கோடு ஒப்பிடுவது மற்றொன்று. முதல் வழியில் கிடைப்பது செய்தித்தாளின் முதல் பக்கத்துக்கு வரும். இரண்டாவது பெரும்பாலும் வராது. ஆனால் குவார்க்குகளின் வரலாற்றைப் புரட்டினால், நேரடிக் கண்டுபிடிப்புக்குப் பல ஆண்டுகள் முன்பே தடயம் தந்தது இரண்டாவது வழிதான்.

குவார்க்குகள் ஆறு வகை. அப், டவுன் இரண்டும் இலேசானவை. நம் உடலின் அணுக்கருக்கள் அவற்றால் ஆனவை. ஸ்ட்ரேஞ்ச் அவற்றைவிடக் கனம். சார்ம், பாட்டம், டாப் ஆகிய மூன்றையும்தான் கனமான குவார்க்குகள் என்கிறார்கள். சார்ம் புரோட்டானைவிடச் சற்றே கூடுதல் நிறையுடையது. பாட்டம் நான்கு மடங்குக்கு மேல். டாப் ஏறத்தாழ 184 மடங்கு. உட்கூறு இல்லாத அந்த ஒற்றைத் துகளின் நிறை ஒரு முழுத் தங்க அணுவின் நிறையை நெருங்குகிறது. டாப் பிறந்த உடனே சிதைந்துவிடும், வேறு குவார்க்கோடு சேரக்கூட அதற்கு அவகாசம் இல்லை. பாட்டம் அப்படியல்ல. குவார்க்குகள் இரண்டிரண்டாக மூன்று தலைமுறைகளில் அடங்குகின்றன; பாட்டத்தின் இயல்பான ஜோடி டாப். ஆனால் டாப் அதைவிடக் கனம் என்பதால் அந்த வழி அடைபட்டுவிட்டது. வேறு தலைமுறைக் குவார்க்காக மாற வேண்டும், அது எளிதில் நடப்பதில்லை. ஆகவே பாட்டம் அடங்கிய துகள்கள் ஒரு விநாடியை லட்சம் கோடிப் பங்காக்கினால் அதில் ஒன்றரைப் பங்கு நேரம் வாழ்கின்றன. துகள் உலகில் இது நீண்ட ஆயுள். ஒளியின் வேகத்தை ஒட்டி ஓடுவதால், சிதைவதற்குள் சுமார் ஒரு சென்டிமீட்டர் பயணம் செய்துவிடும். அந்த இடைவெளியைக் கருவியால் அளக்க முடியும்.

இதைவிட முக்கியமான பண்பு ஒன்று பாட்டத்துக்கு உண்டு. அது ஸ்ட்ரேஞ்ச் குவார்க்காக நேரடியாக மாறாது. டாப் போன்ற கனத்துகள்கள் கணநேரம் தோன்றி மறையும் ஒரு குவாண்டம் சுற்று வழியாகவே மாற முடியும். அப்படித் தோன்றி மறையும் துகளை நிஜமாக உண்டாக்கும் அளவு ஆற்றல் அங்கே இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. எனவே எந்த மோதுவிக்கும் எட்டாத கனத்தில் ஒரு புதிய துகள் இருந்தாலும், அது இந்தச் சுற்றில் பங்கெடுத்து, சிதைவின் வீதத்தைச் சிறிதளவு மாற்றிவிடும். ஸ்டாண்டர்ட் மாடல் எனப்படும் இன்றைய கோட்பாடு சொல்லும் எண்ணுக்கும் அளந்த எண்ணுக்கும் உள்ள வேறுபாடு, காணாத துகளின் சாட்சியாகிவிடும்.

இது வெறும் நம்பிக்கை அல்ல, நடந்திருக்கிறது. 1970இல் மூன்று குவார்க்குகளே தெரிந்திருந்தன. கேயான் எனும் துகளின் சில சிதைவுகள் கணக்கைவிட மிகக் குறைவாக நடந்தன. நான்காவது குவார்க் ஒன்று இருந்தால்தான் அந்தக் குறைவு பொருந்தும் என்று கிளாஷோ, இலியோபுலோஸ், மையானி மூவரும் எழுதினார்கள். 1974 நவம்பரில் அமெரிக்காவின் இரு ஆய்வகங்களில் சாமுவேல் டிங் குழுவும் பர்ட்டன் ரிக்டர் குழுவும் தனித்தனியே சார்மைக் கண்டன. 1973இல் ஜப்பானின் கோபயாஷியும் மஸ்காவாவும், பொருளும் எதிர்ப்பொருளும் சற்றே வேறுவிதமாக நடந்துகொள்வதை விளக்கக் குறைந்தது ஆறு குவார்க்குகள் தேவை என்றார்கள். சார்மே அப்போது கையில் இல்லை! 1977இல் ஃபெர்மி ஆய்வகத்தில் லெடர்மன் குழு பாட்டத்தைக் கண்டது. எனக்கு மிகவும் பிடித்த அத்தியாயம் இதற்குப் பின் வருகிறது. டாப் குவார்க் புரோட்டானைப்போல் 30 முதல் 50 மடங்கு நிறையில் கிடைத்துவிடும் என்று எண்பதுகளில் பலர் எதிர்பார்த்தார்கள். 1987இல் ஹாம்பர்க்கில் ஆர்கஸ் கருவி, பாட்டம் அடங்கிய பி மீசான் (மீசான் என்பது ஒரு குவார்க்கும் ஓர் எதிர்க்குவார்க்கும் கூடிய துகள்) தன் எதிர்த்துகளாக மாறும் நிகழ்வை எதிர்பாராத அளவு அடிக்கடி பதிவுசெய்தது. டாப் அவர்கள் நினைத்ததைவிட மிகக் கனமாக இருந்தால் மட்டுமே அது சாத்தியம். டாப்பை உண்டாக்கும் ஆற்றலுக்குப் பக்கத்தில்கூட வராத சிறிய இயந்திரம், டாப் நேரில் அகப்பட்ட 1995க்கு எட்டு ஆண்டு முன்பே அதன் கனத்தைப் பற்றிச் சேதி சொல்லிவிட்டது.

இன்று செர்னில் இந்த வேலைக்கென்றே இருப்பது எல்எச்சிபி கருவி. மற்றக் கருவிகள் மோதல் புள்ளியைச் சுற்றிலும் மூடியிருக்கும். பாட்டம் குவார்க்குகள் பெரும்பாலும் புரோட்டான் ஓடும் திசையை ஒட்டியே பிறப்பதால், எல்எச்சிபி ஒரு பக்கம் மட்டும் சுமார் 20 மீட்டர் நீண்டிருக்கிறது. அதன் சிலிக்கான் உணரிகள் புரோட்டான் கற்றைக்கு ஏறத்தாழ ஐந்து மில்லிமீட்டர் அருகில் வந்து நிற்கின்றன. இங்கே அளக்கப்படும் சிதைவுகள் எவ்வளவு அரிதானவை என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: பாட்டமும் ஸ்ட்ரேஞ்சும் சேர்ந்த மீசான் இரண்டு மியூவான்களாக, அதாவது எலெக்ட்ரானின் கனமான உறவுத்துகள்களாக, சிதைவது நூறு கோடியில் மூன்று நான்கு முறைதான். முந்நூறு மூட்டை நெல்லைக் கொட்டி, அதில் கிடக்கும் மூன்று கருப்பு மணிகளைத் தேடுவதற்குச் சமம். சுமார் முப்பது ஆண்டுத் தேடலுக்குப் பின், செர்னின் மற்றொரு கருவியான சிஎம்எஸ்ஸின் குழுவும் எல்எச்சிபி குழுவும் தரவைச் சேர்த்து 2015இல் அந்தச் சிதைவை உறுதிசெய்தன. எண் ஸ்டாண்டர்ட் மாடலோடு பொருந்தியது. ஏமாற்றம்தானே என்று கேட்கலாம். இல்லை. அந்த எண்ணைப் பல மடங்கு உயர்த்தியிருக்க வேண்டிய எத்தனையோ புதிய கோட்பாடுகள் அந்த ஒரே அளவீட்டால் அடிபட்டுப்போயின.

வலுவான ஆட்சேபம் வேறு. இந்த நுட்ப அளவீடுகள் தோற்ற மயக்கத்தையே தருகின்றன என்பார்கள். ஆர்-கே விவகாரத்தை அவர்கள் சுட்டலாம். பி மீசான் ஒரு கேயானோடு மியூவான் ஜோடியைத் தரும் வீதமும் எலெக்ட்ரான் ஜோடியைத் தரும் வீதமும் ஏறத்தாழ சமமாக இருக்க வேண்டும். 2014 முதல் எல்எச்சிபி அளவீடுகளில் மியூவான் குறைந்தே வந்தது. 2021இல் விகிதம் ஒன்றுக்குப் பதில் 0.85ஐ ஒட்டி நின்றது; வேறுபாடு 3.1 சிக்மாவைத் தொட்டது (சிக்மா என்பது அளவீட்டின் நிச்சயமின்மையைக் குறிக்கும் அலகு). உலகெங்கும் பரபரப்பு, கட்டுரைகள் குவிந்தன. 2022 டிசம்பரில் அதே குழு, வேறு துகள்கள் சில எலெக்ட்ரானாகத் தவறாக எண்ணப்பட்டிருந்ததைக் கண்டறிந்து திருத்தி வெளியிட்டது. வேறுபாடு மறைந்தது. இது முறையின் தோல்வி என்று எனக்குத் தோன்றவில்லை. பிழையைக் கண்டுபிடித்ததும், தங்கள் பெயருக்குப் புகழ் சேர்த்த முடிவைத் தாங்களே கலைத்ததும் அந்தக் குழுவினர்தான். 3 சிக்மாவை அறிகுறி என்றும், 5 சிக்மாவையே கண்டுபிடிப்பு என்றும் இத்துறை வைத்திருக்கும் வரம்பு இத்தகைய நிலைமைக்காகத்தான்.

இன்னொரு ஆட்சேபத்தை நான் எளிதில் தள்ளமாட்டேன். குவார்க்குகளைக் கட்டிவைக்கும் வலிய விசையைத் துல்லியமாகக் கணக்கிடுவது கடினம். பி மீசான் சிதைவில் துகள்கள் பறக்கும் கோணங்களில் தெரியும் சில முரண்கள் இன்னும் தீரவில்லை. அவை புதிய துகளின் வேலையா, சார்ம் குவார்க்குகள் இடையே புகுந்து செய்யும் குழப்பத்தை நாம் சரியாகக் கணக்கிடாததா என்று வல்லுநர்களே வாதாடுகிறார்கள். நியாயமான ஐயம். ஆனால் அதற்கு மருந்தும் கனமான குவார்க்குகளிடமே இருக்கிறது. 2015இல் ஐந்து குவார்க்குகள் கூடிய பென்டாகுவார்க், 2017இல் இரண்டு சார்ம் அடங்கிய கூட்டுத்துகள் என எல்எச்சிபி கண்டவை ஒவ்வொன்றும் வலிய விசையைப் பற்றிய நம் கணக்கைச் சோதிக்கின்றன.

இவ்வளவு உழைப்பும் எதற்கு என்பவர்களுக்குச் சொல்ல ஒரு பெரிய கேள்வி இருக்கிறது. பிரபஞ்சத்தின் தொடக்கத்தில் பொருளும் எதிர்ப்பொருளும் சம அளவில் தோன்றியிருந்தால் ஒன்றையொன்று அழித்திருக்க வேண்டும். நாம் இருக்கவே கூடாது. இரண்டுக்கும் இடையே எங்கோ ஒரு பாரபட்சம் வேண்டும். மீசான்களில் அது முன்பே தெரிந்தது: கேயானில் 1964, பி மீசானில் 2001, சார்மில் 2019. ஆனால் புரோட்டானைப் போல் மூன்று குவார்க்குகளால் ஆன பேரியான்களில், அதாவது நாம் ஆகியிருக்கும் துகள் இனத்தில், அது அகப்படவே இல்லை. 2025இல் எல்எச்சிபி அதைக் கண்டது. பாட்டம் அடங்கிய லாம்டா துகளும் அதன் எதிர்த்துகளும் சிதையும் வீதத்தில் ஏறத்தாழ 2.5 சதவீத வேறுபாடு, 5.2 சிக்மா. நாம் இருப்பதை விளக்க இதுவரை கண்ட பாரபட்சம் போதாது. மிச்சம் எங்கே என்பதைத் தேட, கனமான குவார்க்குகளைப் போல் பொருத்தமான இடம் வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

ஒரே இயந்திரத்தை நம்பியும் இந்தத் தேடல் இல்லை. ஜப்பானின் ட்சுகுபாவில் எலெக்ட்ரானையும் பாசிட்ரானையும் மோதவைக்கும் பெல் 2 சோதனையில் இந்திய நிறுவனங்கள் பல பங்கேற்கின்றன, சென்னை ஐஐடி உட்பட. பி மீசான் ஒரு கேயானையும் இரண்டு நியூட்ரினோக்களையும் தரும் சிதைவுக்கான முதல் சான்றை 2023இல் அந்தக் குழு தந்தது. நியூட்ரினோக்கள் கருவியில் தடம் பதிக்காமல் போய்விடுவதால், புரோட்டான் மோதலின் இரைச்சலில் இதை எல்எச்சிபியால் தேடுவது மிகக் கடினம். அளந்த வீதம் கணக்கைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு. வேறுபாடு மூன்று சிக்மாவைத் தொடவில்லை. பெல் 2 மீண்டும் 2024இல் தரவு திரட்டத் தொடங்கியது. அந்த நான்கு மடங்கு, தரவு பெருகும்போது ஆர்-கே போல் கரைந்துபோகலாம், அல்லது 1987இல் ஆர்கஸ் கண்டதைப்போல் நிலைத்து நிற்கலாம்.