நம் செவிக்குச் சுதந்திரம் எப்போது?

தேசம் சுதந்திரமடைந்து முக்கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. புதுக்கோட்டை சமஸ்தானம் 1948 மார்ச் 3-ஆம் தேதி இந்திய யூனியனுடன் இணைந்தது. 1974-இல் தனி ஜில்லாவாயிற்று. ஆளுவோரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை நமக்கு வந்தது. உடுக்கும் துணியிலும் எழுதும் பாஷையிலும் சுதேசியம் வேண்டுமென்று நம் முன்னோர் பாடுபட்டதன் பயனை நாம் அனுபவிக்கிறோம். ஆனால் நம் உறுப்புகளுள் ஒன்று மாத்திரம் இன்னும் அடிமைப்பட்டே கிடக்கிறது. அதுவே நம் செவி.

எந்தப் பாட்டு நல்ல பாட்டு, எவர் நல்ல பாடகர் என்பதை நம் செவி தானாகத் தீர்மானிப்பதில்லை. சென்னையிலிருந்து ஒரு சினிமாக் கம்பெனியோ, டில்லியிலிருந்து ஒரு விருதோ, தொலைக்காட்சிப் போட்டியில் ஒரு பரிசோ முத்திரை குத்தி அனுப்பினால் உடனே கைதட்டுகிறோம். முத்திரை இல்லாதவர் நம் தெருவிலேயே பாடினாலும், "யாரோ பாடுகிறார்கள்" என்று சொல்லிக் கடந்து போகிறோம். அந்த "யாரோ" என்னும் ஒரு சொல்லைப் பற்றியே இன்று எழுதத் துணிகிறோம்.

பிறரைக் குறை கூறுமுன் தம் குற்றத்தை ஒப்புக்கொள்வது முறை. இதை எழுதுபவர் ஆங்கிலம் படித்து வக்கீல் தொழில் பழகியவர். இளமையில் லியோனார்ட் கோஹன், நீல் யங், ஜோனி மிட்சல் என்னும் கனடா தேசத்துப் பாடகர்களின் ஒலிநாடாக்களைத் தேடித் தேடிக் கேட்டவர். கஞ்சிராவைக் கச்சேரி மேடையில் ஏற்றிய ஊர் தம் சொந்தப் புதுக்கோட்டையே என்பதை அவர் அறிந்தது நாற்பது வயதுக்கு மேல்தான். இது வெட்கப்படத்தக்க விஷயம். ஆயினும் அந்தக் கனடா மோகமே அவரை மீண்டும் அன்னவாசலுக்கு அழைத்து வந்தது. அது எவ்வாறென்பதைச் சொல்லுவோம்.

கனடாவின் பாடம்

கனடாவின் நிலைமை ஒரு விதத்தில் நம்முடையதை ஒத்தது. பக்கத்திலே ஐக்கிய அமெரிக்கா என்னும் பெரிய அண்டை வீடு. இரண்டிலும் பெரும்பான்மையோர் பேசுவது ஆங்கிலமே. ஆகவே கனடாவின் வானொலியில் அமெரிக்கப் பாட்டுகளே வெள்ளம்போல் புகுந்தன. உள்ளூர்ப் பாடகன் பேர் பெற வேண்டுமானால் எல்லை தாண்டி அமெரிக்காவுக்குப் போய் முத்திரை பெற்று வரவேண்டியிருந்தது. இதைக் கண்ட அத்தேசத்தார் வெறுமனே வருந்திக்கொண்டிராமல் ஒரு காரியம் செய்தார்கள். 1971-இல் ஒலிபரப்பை மேற்பார்க்கும் அவர்களுடைய ஆணைக்குழு, வானொலியில் ஒலிக்கும் இசையில் 30 சதவிகிதம் கனடியருடையதாக இருக்க வேண்டுமென்று விதித்தது. பிற்காலத்தில் அது 35 சதவிகிதமாக உயர்ந்தது. கதர் இயக்கத்தை அறிந்த நமக்கு இது புதிய தத்துவமன்று. செவிக்கு ஏற்பட்ட சுதேசிச் சட்டம் என்றே இதைச் சொல்லலாம்.

2006-இல் போலாரிஸ் என்னும் பெயரால் ஒரு பரிசும் அங்கே ஏற்பட்டது. எத்தனை பிரதிகள் விற்றன, எந்தக் கம்பெனி வெளியிட்டது என்பவற்றைக் கேளாமல், இசையின் தகுதி ஒன்றையே பார்த்து அந்தப் பரிசு வழங்கப்படுகிறது. 2018-இல் அதைப் பெற்றவர் ஜெரமி டட்சர் என்னும் இளைஞர். அவர் நியூ பிரன்ஸ்விக் மாகாணத்திலுள்ள டோபிக் என்னும் ஆதிகுடிகளின் கிராமத்தைச் சேர்ந்தவர். வுலஸ்தொக்வே என்னும் அவருடைய தாய்மொழியைச் சரளமாகப் பேசுவோர் அப்போது நூறு பேரளவே எஞ்சியிருந்தனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மெழுகு உருளைகளில் பதிவு செய்யப்பெற்ற தம் முன்னோரின் பாட்டுகள் பொருட்காட்சிசாலையில் உறங்குவதை அறிந்து, அங்கே சென்று அவற்றைக் கேட்டு எழுதிக்கொண்டு, முன்னோரின் குரலோடு தம் குரலையும் கூட்டி அவர் பாடினார். 2024-இல் அதே பரிசு மறுபடியும் அவருக்குக் கிடைத்தது. இரண்டு முறை அதைப் பெற்றவர் அவருக்கு முன் எவருமில்லை. நூறு பேர் பேசும் மொழிக்கு இத்தகைய பிள்ளை ஒருவர் தோன்றினார். கோடிக்கணக்கானோர் பேசும் மொழிக்குரிய நாம் என்ன செய்தோம் என்று கேட்டுக்கொள்ளத்தான் வேண்டும்.

அதே கனடாவில் ஈழத்துத் தமிழ்ப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் பிறந்து, யுத்தத்தினால் அகதியாகக் குடும்பத்துடன் சென்ற ஷான் வின்சென்ட் டி பால், ராப் என்னும் வேகப் பேச்சுப் பாட்டில் தேர்ந்தவர். யஞ்சன் என்பார் மிருதங்கம் வாசிக்க, அதன் சொற்கட்டுகளோடு இவர் ஆங்கிலத்தில் பாடிய சிறு பாடல்கள் கைப்பேசி வழியே உலகெங்கும் பரவின. 2021-இல் வெளிவந்த தம் இசைத்தொகுப்புக்கு அவர் யாழ்ப்பாணத்தின் பெயரையே இட்டார். இவர்கள் சினிமாவின் வாசலில் காத்து நின்றவர்களல்லர்; தங்கள் வீட்டிலிருந்தே தொடங்கியவர்கள். டொரான்டோ நகரின் பனியில் மிருதங்கம் முழங்கியபோதுதான், இந்தத் தாளம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி நமக்குப் பிறந்தது. விடை காலடியிலேயே கிடந்தது.

காலடியில் கிடந்த புதையல்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் புதுக்கோட்டையில் வாழ்ந்த மாமுண்டியா பிள்ளை என்பார், பஜனைக் கூட்டங்களில் தட்டப்பட்டு வந்த கஞ்சிராவைக் கையிலெடுத்தார். பலா மரத்து வளையத்தில் உடும்புத் தோல் போர்த்திய அந்தச் சிறு கருவியில் லயத்தின் நுட்பமான கணக்குகளையெல்லாம் வாசித்துக் காட்டி, அதை வித்வத் சபைக்கு உரியதாக்கினார். அவருடைய சீடர் தட்சிணாமூர்த்தி பிள்ளை (1875-1936) மிருதங்கத்திலும் கஞ்சிராவிலும் இணையற்று விளங்கினார். மற்றொரு சீடர் பழநி முத்தையா பிள்ளை. அவர் மைந்தர் பழநி சுப்பிரமணிய பிள்ளை (1908-1962) மிருதங்கத்தில் அடைந்த புகழைச் சொல்ல வேண்டுவதில்லை. இன்று "புதுக்கோட்டை வழி" என்று லய வித்வான்கள் மதிப்புடன் சொல்லும் பரம்பரை இவ்வாறு தோன்றியது. தொடக்கத்தில் அந்தக் கஞ்சிராவுக்கு எந்த முத்திரையும் இருந்ததில்லை. கேட்கத் தெரிந்த செவிகள் நம் ஊரில் இருந்தன, அவ்வளவே.

அன்னவாசலுக்கு அருகிலுள்ள குடுமியான்மலையில், பாறையின்மீது ராகங்களின் ஸ்வரக் கோவைகளைப் பொறித்த சாஸனம் ஒன்று உண்டு. ஏறக்குறைய ஏழாம் நூற்றாண்டினதென்று அறிஞர் பலர் கருதும் அது, இந்திய சங்கீத சரித்திரத்துக்குக் கிடைத்த பெரிய சான்றுகளுள் ஒன்று. அதைப் பொறிப்பித்த மன்னன், ருத்ராசாரியர் என்னும் தன் குருவின் பெயரைக் குறித்திருக்கிறான். தன் பெயரைக் குறிக்கவில்லை. ஆகையால் அவன் யாரென்று ஆராய்ச்சியாளர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். சித்தன்னவாசல் குகையிலோ ஆடும் மகளிரின் ஓவியம் உண்டு. அவர்களுடைய ஆட்டத்துக்குப் பாடியவர் யார், தாளமிட்டவர் யார் என்பது எங்கும் எழுதப்படவில்லை. பெயரெழுதாமல் விட்டால் மன்னனும் "யாரோ" ஆகிவிடுகிறான். ஏழைப் பாடகியின் கதி என்னாகும்?

இதற்கு விராலிமலையே சாட்சி. அவ்வூர் முருகன் சந்நிதியில் சிறு வயதிலேயே பொட்டுக் கட்டப்பட்டு, பாடியும் சதிராடியும் தொண்டு செய்தவர் முத்துக்கண்ணம்மாள். பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டும் வழக்கத்தை 1947-ஆம் வருஷத்துச் சென்னைச் சட்டம் ஒழித்தது மிகவும் நியாயமே. ஆனால் வழக்கத்தை ஒழித்த சமூகம், அந்தப் பெண்களின் வித்தையையும் சேர்த்துக் குப்பையில் எறிந்துவிட்டது. 2022-இல் டில்லி சர்க்கார் அவருக்குப் பத்மஸ்ரீ அளித்தபோது அவருக்கு வயது எண்பதுக்கு மேல். மதுரைப் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025-இல் அவ்விருது கிடைத்தது. விருதளித்தவரைப் போற்றுகிறோம். ஆனால் விராலிமலையில் வாழ்ந்தவரை அன்னவாசல் அறிந்துகொள்ள டில்லியிலிருந்து தந்தி வரவேண்டியிருந்ததா? பறையை ஊர்க்கோடியில் நிறுத்தி, அதைக் கொட்டுவோரைத் தீண்டாமல் ஒதுக்கிய நாம், டில்லி கைதட்டிய பிறகு கைதட்டினால் அது அபிமானமாகுமா?

ஓர் ஆட்சேபம்

"ஜனங்கள் சினிமாப் பாட்டைத்தானே விரும்புகிறார்கள்? விரும்பாததைத் திணிக்க முடியுமா?" என்று நண்பர் சிலர் கேட்பர். தமிழில் கீர்த்தனை பாட வேண்டுமென்று 1941-இல் அண்ணாமலைச் சர்வகலாசாலையில் மகாநாடு கூட்டியபோதும் ஏறக்குறைய இதே ஆட்சேபம் எழுந்தது. தமிழ்ப் பாட்டு துக்கடாவுக்குத்தான் உதவும், கச்சேரியின் நடுவில் நில்லாது என்று சொன்னவர் பலர். 1943-இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் தோன்றியது. கேட்கக் கேட்க ஜனங்களின் செவி பழகியது. இன்று அந்த வாதத்தை யாரும் எழுப்புவதில்லை. ருசி என்பது பழக்கத்தால் வருவது. ஒருமுறையேனும் கேட்பதற்கு வாய்ப்பளிக்காமல், ஜனங்கள் விரும்பவில்லை என்று தீர்ப்புச் சொல்வது, எதிர்க்கட்சியைக் கூப்பிடாமலே டிக்ரி கொடுப்பதற்கு ஒப்பாகும்.

நாம் செய்யத்தக்கவை

முதலாவதாக, நம் திருவிழா நோட்டீஸ்களை எடுத்துப் பாருங்கள். பந்தல் உபயம், தண்ணீர்ப் பந்தல் உபயம், ஒலிபெருக்கி உபயம் என்று எல்லோர் பெயரும் கொட்டை எழுத்தில் இருக்கும். இரவு முழுவதும் வாசிப்பவருக்கு மாத்திரம் "மேளதாளத்துடன்", "நையாண்டி மேளம்", "கரகாட்டம்" என்னும் ஒற்றைச் சொல். இனிமேல் நாகசுரக்காரர், தவில்காரர், பறையிசைப்போர், ஒப்பாரியும் கும்மியும் பாடும் பெண்கள் ஆகிய ஒவ்வொருவருடைய பெயரும் ஊரும் நோட்டீஸில் அச்சாக வேண்டும். இதற்குக் காலணாச் செலவும் கிடையாது.

இரண்டாவதாக, சட்டம் அறிந்தவர் என்ற முறையில் ஒன்று சொல்லுகிறோம். 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994-இல் செய்த திருத்தம், பாடுபவருக்கும் வாசிப்பவருக்கும் தம் நிகழ்ச்சியின்மீது தனி உரிமை அளித்தது; அது ஐம்பது ஆண்டுகள் நிலைப்பது. 2012-ஆம் வருஷத்துத் திருத்தம், நிகழ்த்தியவர் இன்னார் என்று தம் பெயர் சொல்லப்பட வேண்டுமென்று கேட்கும் உரிமையையும் அவருக்குக் கொடுத்தது. ஆகையால் கைப்பேசியில் ஒருவருடைய பாட்டைப் பிடித்து உலகத்துக்கு அனுப்புகிறவர் முதலில் அனுமதி கேட்க வேண்டும். பெயரைச் சொல்ல வேண்டும். வருமானம் வந்தால் பங்கு கொடுக்க வேண்டும். கூலி எவ்வளவு, பதிவு யாருக்குச் சொந்தம் என்பதை ஒரு காகிதத்தில் எழுதிக்கொள்வது இருவருக்கும் நல்லது. அறிவு எழுதித் தீ என்னும் பாடகியுடன் பாடி, 2021-இல் கோடிக்கணக்கானோர் கேட்ட "எஞ்சாயி எஞ்சாமி" பாட்டுக்குங்கூட, யாருக்கு எவ்வளவு பெருமை, யாருக்கு எவ்வளவு வருவாய் என்று பொதுவெளியில் பூசல் எழுந்ததை எல்லோரும் கண்டோம். பேர்பெற்றோர்க்கே இந்த நிலையானால், எழுத்தறியாத நடவுப் பாட்டுக்காரிக்கு யார் துணை? ஊரிலுள்ள படித்த வாலிபர்களே துணை.

மூன்றாவதாக, ஒவ்வொரு கிராமத்திலும் பாட்டறிந்த முதியோர் இருக்கிறார்கள். கனடாவில் மெழுகு உருளையில் ஒருவர் பிடித்து வைத்ததால்தான் நூறு ஆண்டுக்குப் பிறகு பேரன் பாட முடிந்தது. இன்று நம் ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் அதைவிட ஆயிரம் மடங்கு நல்ல கருவி இருக்கிறது. பாட்டிமார்களின் அனுமதி பெற்று, பெயர், ஊர், தேதி குறித்து, பாட்டுகளைப் பதிந்து வையுங்கள். அவர்கள் நமக்காகக் காத்திருக்கமாட்டார்கள்; காலனும் காத்திருக்கமாட்டான்.

பிறருக்குப் புத்தி சொல்லித் தாம் சும்மாயிருப்பது பத்திரிகாதிபருக்கு அழகன்று. ஆகவே இனி ஞாயிற்றுக்கிழமைதோறும் இந்தப் பக்கத்தில், முத்திரை பெறாத இசைவாணர் ஒருவரைப் பற்றி, அவர் சம்மதத்துடனும் பெயருடனும் எழுதுவதற்கு இடம் ஒதுக்கியிருக்கிறோம். முதல் கட்டுரை அன்னவாசல் வட்டாரத்திலிருந்தே வரும். வாசகர்கள் தத்தம் ஊரில் கேட்டவரைப் பற்றி எழுதி அனுப்பலாம். "யாரோ ஒருவர்" என்று தொடங்கும் கடிதங்களை மாத்திரம் பிரசுரிக்கமாட்டோம். அவருடைய வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, "ஐயா, தங்கள் பெயரென்ன?" என்று கேட்டுவிட்டுப் பிறகு எழுதுங்கள். செவியின் சுதந்திரம் அந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது.